சப்-வூஃபரைத் திறப்பதற்கு முன், திறந்த பின்

தாழ்ந்த ஒலியை (பேஸ்) மட்டும் எழுப்பும் பெட்டியான சப்-வூஃபர் மக்கர் செய்தால் பலருக்கும் முதலில் கை போவது ஸ்க்ரூ டிரைவருக்கு. போகவேண்டியது பின்பக்கம் செருகியிருக்கும், ஒலி சிக்னலைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிளுக்கு. சத்தமே வரவில்லை, ஓயாமல் உறுமுகிறது, நடுவில் டப்பென்று அணைந்துவிடுகிறது என்று புகார் எதுவானாலும், அந்த ஒரு கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஹோம் தியேட்டரில் மற்ற ஸ்பீக்கர்கள் வெறும் பெட்டிகள். அவற்றுக்கான ஆம்ப்ளிஃபயர் (சிக்னலைப் பெருக்கும் பகுதி), ஒலியை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவருக்குள் இருக்கிறது. சப்-வூஃபர் மட்டும் தனிக்குடித்தனம். பவர் சப்ளை, ஃபில்டர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் நான்கும் ஒரே மரப்பெட்டிக்குள் இருக்கின்றன. வெளியுலகத்தோடு அதற்கு இருக்கும் உறவு இரண்டு வயர்கள்தான்: கரண்ட் வயர் ஒன்று, சிக்னல் வயர் ஒன்று. சிக்னல் வயரை எடுத்துவிட்டால், பழுது பெட்டிக்கு உள்ளேயா வெளியேயா என்று அதுவே சொல்லிவிடும்.

எடுத்த கேபிளுக்குப் பதிலாக ஒரு போனை மாட்டுங்கள். ஒரு முனையில் ஹெட்போன் பின், மறுமுனையில் இரண்டு ஆர்.சி.ஏ. பின் உள்ள கேபிள் போதும். இரண்டில் ஏதாவது ஒன்றை சப்-வூஃபரின் இன்புட்டில் செருகலாம். கெயின் (சத்த அளவு) குமிழ் கால் பங்குக்கு மேல் வேண்டாம். எந்த அதிர்வெண் வரை சப்-வூஃபர் பாட வேண்டும் என்று வரம்பு போடும் கிராஸோவர் குமிழ் இருந்தால் கடைசி வரை திருப்பிவிடுங்கள். முதலில் ஒரு பாட்டைப் போடுங்கள், அடுத்து டோன் ஜெனரேட்டர் செயலியில் 50 ஹெர்ட்ஸ். இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. போனின் குட்டி ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாது. டோனைப் போட்டுவிட்டுப் போனைக் காதில் வைத்துப் பார்த்து, செயலி வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. பாட்டு வந்துவிட்டால் கேபிளும் போனும் சரி என்பது உறுதி. பிறகு டோனைப் போட்டுக்கொள்ளலாம்.

போனில் ஹெட்போன் துளை இல்லை, பொருத்தமான கேபிளும் இல்லை என்றால் பழைய முறை இருக்கிறது. சப்-வூஃபரில் செருகிய ஆர்.சி.ஏ. கேபிளின் மறுமுனையை ரிசீவரிலிருந்து எடுத்துவிட்டு, நடுப்பின்னை விரல் நுனியால் தொடுங்கள். கெயின் குறைவாகவே இருக்கட்டும். "ம்ம்ம்" என்று கனமாக ஒலித்தால் இன்புட்டிலிருந்து கோன் (ஸ்பீக்கரின் ஆடும் கூம்பு) வரை பாதை முழுவதும் உயிரோடு இருக்கிறது. பெட்டியின் உலோகத் தகட்டில் கை வைக்கும்போதே சுரீரென்று இருந்தால் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். அங்கே பிரச்சினை ஒலியில் இல்லை, மின்கசிவில் இருக்கிறது. உடனே பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

எல்லா செட்டிலும் அமைப்பு இப்படியே இருக்காது. சில 5.1 செட்களில் ஐந்து சிறு ஸ்பீக்கர்களுக்கான ஆம்ப்ளிஃபயரும் சப்-வூஃபர் பெட்டிக்குள்தான். அவற்றில் மற்ற ஐந்தும் பாடிக்கொண்டிருக்க பேஸ் மட்டும் இல்லை என்றால், டிரான்ஸ்பார்மரும், ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபயரும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சப்-வூஃபருக்கான ஐ.சி., அதற்கு முன்னால் உள்ள ஃபில்டர் பகுதி, ஸ்பீக்கர் இந்த மூன்றுக்குள் தேடினால் போதும். வேறு சில செட்களில் சப்-வூஃபருக்குக் கரண்ட் வயரே கிடையாது, ஸ்பீக்கர் வயரில்தான் ஓடும். அதற்கு மேலே சொன்ன சோதனை பொருந்தாது. நேராக ஸ்பீக்கர் பகுதிக்குப் போய்விடலாம்.

போனில் நன்றாக ஒலிக்கும் சப்-வூஃபர் ரிசீவரில் ஊமையானால், ரிசீவரின் ஸ்பீக்கர் செட்டிங்தான் அடுத்த இடம். சப்-வூஃபர் "நோ" என்று மாறியிருக்கலாம். ரீசெட் செய்த பிறகும் மென்பொருள் புதுப்பித்த பிறகும் இது நடக்கும். அதைவிட அதிகம் பேரை ஏமாற்றுவது முன்பக்க ஸ்பீக்கர்களின் அளவு. அவற்றை "லார்ஜ்" என்று வைத்திருந்தால், ஸ்டீரியோ பாட்டின் முழு பேஸும் அந்த இரண்டு ஸ்பீக்கர்களுக்கே போய்விடும். சப்-வூஃபருக்கு ஒரு துளிகூட வராது. படம் ஓடும்போது பேஸ் வருகிறது, பாட்டுக்கு மட்டும் வரவில்லை என்ற புகார் வந்தாலே இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். "ஸ்மால்" என்று மாற்றி கிராஸோவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஸ்பீக்கர் உருவத்தில் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சப்-வூஃபர் இருக்கும் வீட்டில் "ஸ்மால்"தான் சரி. அந்தச் சொல் ஸ்பீக்கரின் உயரத்தைக் குறிப்பதல்ல, பேஸை யார் சுமப்பது என்பதைக் குறிப்பது. "டைரக்ட்", "ப்யூர் டைரக்ட்" போன்ற மோடுகளிலும் பல ரிசீவர்கள் சப்-வூஃபரைக் கழற்றிவிடும். ரிமோட்டில் கை தவறிப் பட்டாலே போதும்.

படங்களுக்கான 5.1 ஒலியில் அந்த ".1" என்பது எல்.எஃப்.இ. எனப்படும் தனித் தடம். 120 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே உள்ள அந்தத் தடத்தை மற்ற சேனல்களைவிட 10 டெசிபல் கூட்டி ஒலிக்க வேண்டும் என்பது முறை. டி.வி.யின் ஒலி அவுட்புட் "பி.சி.எம்." என்று இருந்தால் பல டி.வி.கள் இரண்டு சேனலாகச் சுருக்கித்தான் ரிசீவருக்கு அனுப்பும். அந்தத் தடமே வந்து சேராது. "பிட்ஸ்ட்ரீம்" அல்லது "ஆட்டோ"வுக்கு மாற்றிவிட்டு, ரிசீவர் திரையில் 5.1 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். கூடவே ரிசீவரின் டெஸ்ட் டோனை ஓட்டுங்கள். டெஸ்ட் டோனுக்கு சப்-வூஃபர் பேசிவிட்டு படத்துக்குப் பேசவில்லை என்றால், பழுது என்று எதுவும் இல்லை, செட்டிங் மட்டும்தான்.

இன்னொரு பொய்ப் பழுது, தூக்கம். படம் ஓடும்போது அரைமணிக்கு ஒரு தரம் சப்-வூஃபர் அணைவதும், குண்டு வெடிக்கும் காட்சி வந்ததும் ஒரு நொடி தாமதமாக விழித்துக்கொள்வதுமாக இருக்கும். பின்பக்கச் சுவிட்ச் "ஆட்டோ"வில் இருந்தால், உள்ளே இருக்கும் சிறு சர்க்யூட் சிக்னல் வருகிறதா என்று காவல் காக்கிறது. அதன் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சிக்னல் வராவிட்டால் தூங்கப் போய்விடும். ரிசீவர் தானாக ஸ்பீக்கர்களின் அளவைச் சரிசெய்யும் ஆட்டோ செட்டப்பை ஓட்டும்போது சப்-வூஃபரின் கெயின் அதிகமாக இருந்திருந்தால், ரிசீவர் தன் பக்கத்து அளவை மைனஸ் 10, மைனஸ் 12 டெசிபல் வரை இறக்கி வைத்திருக்கும். சப்-வூஃபருக்கு வரும் சிக்னல் அந்த அளவுக்கு ஒல்லி. மருந்து தலைகீழாக இருக்கிறது: சப்-வூஃபரில் கெயினைக் குறையுங்கள், ரிசீவரில் அளவை மைனஸ் 3 பக்கம் வரும்படி ஏற்றுங்கள், செட்டப்பை மறுபடி ஓட்டுங்கள். மொத்தச் சத்தம் மாறாது. காவல்காரனுக்குக் கண் தெரியும். ரிசீவர் ஆன் ஆனதும் சப்-வூஃபரையும் எழுப்பும் 12 வோல்ட் டிரிகர் துளை இரண்டு பக்கமும் இருந்தால் அதில் ஒரு மோனோ வயரைப் போட்டுவிட்டு இந்தத் தலைவலியையே மறந்துவிடலாம்.

உறுமலுக்குச் சற்று அதிக நேரம் கொடுக்க வேண்டும். தவறான மருந்து அதிகம் கொடுக்கப்படும் நோய் இது. ஆர்.சி.ஏ. கேபிளை எடுத்ததும் உறுமல் நின்றுவிட்டதா, நிற்கவில்லையா என்பதுதான் பிரிவுக் கோடு. நின்றுவிட்டால் வெளியே கிரவுண்ட் லூப். அல்லது கேபிளின் வெளிக் கவசம் எங்கோ அறுந்திருக்கிறது. கேபிளை எடுத்த பிறகும் அதே உறுமல் என்றால் உள்ளே பவர் சப்ளை. காதுக்கும் இதில் வேலை இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கிரவுண்ட் லூப்பின் உறுமல் 50 ஹெர்ட்ஸிலேயே, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் உருண்டையாக இருக்கும். ஃபில்டர் கெப்பாசிட்டர் வற்றிப்போனால் வருவது 100 ஹெர்ட்ஸ், சற்று கரகரப்பானது. ரெக்டிஃபயர் அலையின் இரண்டு பாதியையும் ஒரே பக்கம் திருப்புவதால் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் இவை 60, 120. சந்தேகமாக இருந்தால் போனில் 50, 100 இரண்டையும் ஹெட்போனில் மாற்றி மாற்றிக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிரவுண்ட் லூப் என்றால், ஒரே எர்த்தை அடைய இரண்டு வழிகள் இருக்கின்றன என்று பொருள். மூன்று பின் பிளக் உள்ள சப்-வூஃபருக்குச் சுவரிலிருந்து ஓர் எர்த். ஆர்.சி.ஏ. கேபிளின் கவசம் வழியாக ரிசீவர், அங்கிருந்து செட்டாப் பாக்ஸ், அங்கிருந்து கோஆக்சியல் கேபிள் என்று இன்னோர் எர்த். இரண்டுக்கும் இடையே மில்லிவோல்ட் அளவு வித்தியாசம் இருந்தாலே அந்த வட்டத்தில் மின்சாரம் ஓடும். மற்ற ஸ்பீக்கர்களில் காதில் விழாத அது, பேஸை மட்டுமே பெருக்கும் இந்தப் பெட்டியில் இரைச்சலாகிவிடும். செட்டாப் பாக்ஸில் திருகியிருக்கும் கோஆக்சியல் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். கணிசமான வீடுகளில் உறுமல் அந்த நொடியே நின்றுவிடும். நின்றால் அந்தக் கேபிளுக்கு ஓர் ஐசோலேட்டர் போட்டால் போதும், சப்-வூஃபரைத் தொடவே தேவையில்லை. நிற்காவிட்டால் ரிசீவர், டி.வி., சப்-வூஃபர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்குக் கொண்டுவாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் ஆர்.சி.ஏ. பாதையில் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர். அதிலும் தீக்குச்சிப் பெட்டி அளவில் வருபவை கார் ஸ்டீரியோவுக்கு ஆகலாம், இங்கே ஆகாது. உள்ளே இருக்கும் இரும்பு உள்ளகம் சிறியது. 30 ஹெர்ட்ஸ் பக்கம் அது திணறி, உறுமலோடு சேர்த்து பேஸையும் விழுங்கிவிடும்.

எர்த் பின்னை ஒடித்துவிடுவது, அதன்மேல் டேப் சுற்றுவது, இரண்டு பின் அடாப்டர் போடுவது ஆகியவையும் "தீர்வுகள்" என்று சொல்லப்படுகின்றன. உறுமல் நிற்கும் என்பது உண்மைதான். நாளைக்கு டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன் போனால், பின்பக்க உலோகத் தகடு முழுக்க மெயின்ஸ் மின்சாரம் நிற்கும். ஃப்யூஸை எரிக்க எர்த் இருக்காது, தொடுகிற கை இருக்கும். இதில் பேரம் கிடையாது.

கேபிளின் கவசம் அறுந்திருந்தால் அடையாளம் வேறு மாதிரி. உறுமல் காட்டுத்தனமாக இருக்கும். பின்னை லேசாக அசைத்தால் கூடும், குறையும், படீரென்று வெடிக்கும். மல்டிமீட்டரை பீப் மோடில் வைத்து ஒரு முனையின் வெளி வளையத்திலிருந்து மறுமுனையின் வெளி வளையம் வரை பார்த்துக்கொண்டே கேபிளின் கழுத்தை வளையுங்கள். பீப் விட்டு விட்டு வந்தால் அந்தக் கேபிளைத் தூக்கிப் போடலாம். அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடும் நீளமான கேபிள் என்றால் நல்ல பின்னல் கவசம் உள்ளதாக வாங்குங்கள், கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

விளக்கே எரியவில்லை என்றால் ஃப்யூஸ். கரண்ட் வயர் செருகும் குழிக்குக் கீழேயே ஒரு சிறு இழுப்பறை இருக்கும். பல மாடல்களில் அதற்குள்ளேயே ஓர் உபரி ஃப்யூஸும் கிடக்கும். எரிந்த ஃப்யூஸை வீசுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் கம்பி மட்டும் மெல்ல உருகி அறுந்திருந்தால் சற்றே கூடுதல் சுமையாகவோ வயதாகவோ இருக்கலாம். புதிது ஒன்று போட்டுப் பார்க்கலாம். கண்ணாடி முழுக்கக் கறுத்து வெள்ளி பூசினாற்போல் இருந்தால் உள்ளே நேரடி ஷார்ட். புதிய ஃப்யூஸும் அதே வழியில்தான் போகும். மாற்றும்போது ஆம்பியர் மட்டும் ஒத்தால் போதாது. முன்னால் ஆங்கிலத்தில் "டி" எழுத்து இருந்தால் அது நிதானமாக எரியும் ரகம். டிரான்ஸ்பார்மர் ஆன் ஆகும் நொடியில் இழுக்கும் கூடுதல் கரண்ட்டைத் தாங்குவதற்கு. அங்கே "எஃப்" ரகத்தைப் போட்டால் நல்ல சப்-வூஃபரிலும் ஆன் செய்யும்போதெல்லாம் ஃப்யூஸ் போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டாவது ஃப்யூஸை எரிப்பதற்கு முன் ஒரு சீரிஸ் பல்பு கட்டிக்கொள்ளுங்கள். 60 அல்லது 100 வாட் பழைய குண்டு பல்பு ஒன்றை, சப்-வூஃபருக்குப் போகும் ஃபேஸ் (கரண்ட் வரும்) வயரின் நடுவில் தொடராகச் சேர்ப்பதுதான். எல்.இ.டி. பல்பு உதவாது. ஆன் செய்ததும் பல்பு ஒரு முறை பளிச்சென்று எரிந்து மங்கிப்போனால், கெப்பாசிட்டர்கள் நிரம்பிவிட்டன, ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட்; ஆனால் எதுவும் புகைந்திருக்காது, பல்பு அந்தச் சுமையைத் தானே வாங்கிக்கொண்டிருக்கும். எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் ஸ்விட்சிங் பவர் சப்ளை உள்ள மாடல்களில் பல்பு துடித்துத் துடித்து எரியலாம். மின்னழுத்தம் போதாமல் அது ஸ்டார்ட் ஆக முயன்று விழுவதாலும் அப்படி நடக்கும் என்பதால், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

இப்போதுதான் ஸ்க்ரூ. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கத் தகட்டின் ஓர ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். நடுவில் உள்ளவை டிரான்ஸ்பார்மரையும், சூட்டைக் கடத்தும் உலோகமான ஹீட் சிங்க்கையும் பிடித்திருப்பவை, தொட வேண்டாம். டிரான்ஸ்பார்மர் தகட்டில்தான் பொருத்தியிருக்கும் என்பதால் கனக்கும். பெட்டியை முகம் கீழாகப் படுக்கவைத்து மேலே தூக்கி எடுத்தால் வயர் அறுந்து விழாது. ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயர்களைக் கழற்றுவதற்கு முன் எது எதில் இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளக் கையில் இருக்கிறது என்பதற்காகப் பெரிய கெப்பாசிட்டர்களைத் தொட்டுவிடக் கூடாது. ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடும் பழக்கம் கெப்பாசிட்டருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் கால்களில் இன்சுலேஷன் போட்ட வயர்களைச் சேர்த்து, கெப்பாசிட்டரின் இரு முனைக்கும் ஒரு நிமிடம் பிடியுங்கள். 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் அதற்குள் கிட்டத்தட்ட முழுவதும் வடிந்துவிடும். பிறகு மீட்டரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். எஸ்.எம்.பி.எஸ். என்றால் கதை வேறு. 230 வோல்ட் மின்சாரத்தில் அதன் முதல் கெப்பாசிட்டர் சுமார் 325 வோல்ட் டி.சி.யைப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பக்கத்தில் பழக்கமில்லாதவர்கள் கை வைக்காமல் போர்டோடு சர்வீஸுக்குக் கொடுப்பதே உத்தமம்.

உள்ளே பார்த்ததும் எல்லோர் கண்ணும் பெரிய கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று தேடும். உப்பியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஆனால் சப்-வூஃபரை உண்மையில் படுக்கவைப்பவை பெரும்பாலும் சுண்டுவிரல் நகம் அளவுள்ள சிறிய கெப்பாசிட்டர்கள்; அவை உப்பவே உப்பாமல் வற்றிப்போகும். இதற்குக் கணக்கு இருக்கிறது. மேலே "105 டிகிரி, 2,000 மணி நேரம்" என்ற தரத்தில் வரும் சாதாரண கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 65 டிகிரியில் வேலை செய்தால் 32,000 மணி நேரம். கேட்க நிறைய போலத்தான் இருக்கிறது. வருடத்துக்கு 8,760 மணி நேரம். நாளுக்கு ஒரு படம் பார்ப்பவர் வீட்டிலும் ஸ்டாண்ட்பை சர்க்யூட் 24 மணி நேரமும் உயிரோடு இருப்பதால், நான்கு வருடத்துக்குள் அந்த ஆயுள் முடிந்துவிடுகிறது. ஆன் ஆக வரவர அதிக நேரம் எடுக்கிறது, ரிலே டிக் டிக் என்று அடித்துக்கொள்கிறது, விளக்கு மினுக்குகிறது போன்ற அடையாளங்கள் தெரிந்தால் ஸ்டாண்ட்பை பகுதியின் சின்ன கெப்பாசிட்டர்களை மொத்தமாக மாற்றிவிடுங்கள். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது சற்று கூடுதல் வோல்ட், 105 டிகிரி. பழைய போர்டில் 85 டிகிரி இருந்தாலும் புதியது 105 ஆகவே இருக்கட்டும்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் அதே கதிதான். போர்டில் பழுப்பேறிய இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் அங்கே இரண்டு ரெசிஸ்டர்களும் இரண்டு ஸீனர் டயோடுகளும் நிற்கும். ஆம்ப்ளிஃபயருக்கு ±50 வோல்ட் வேண்டும், ஃபில்டரில் உள்ள ஆப்-ஆம்ப் ஐ.சி.களுக்கு ±15 போதும். நடுவில் உள்ள 35 வோல்ட்டைச் சூடாக்கி எரிப்பதுதான் அந்த ரெசிஸ்டர்களின் வேலை. 20 மில்லிஆம்பியர் ஓடினால் 0.7 வாட். அங்கே 1 வாட் ரெசிஸ்டரைப் போட்டுவிட்டால் எரிந்துவிடாது. ஆனால் விரல் வைக்க முடியாத சூட்டில் வருடக்கணக்கில் நின்று, சால்டரை உலர்த்தி, பக்கத்துக் கெப்பாசிட்டரை வாட்டிவிடும். மீட்டரில் ±15 வர வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் 15, மறுபக்கம் 3 என்று காட்டினால் இங்கேதான் கோளாறு. அதே ஓம் அளவில் 3 வாட் ரெசிஸ்டரை வாங்கி, போர்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கி நிறுத்திச் சால்டர் செய்யுங்கள்.

கெப்பாசிட்டர்களின் அடியில் தேன் நிறத்தில் படிந்திருக்கும் பசையையும் விட்டுவிடாதீர்கள். போக்குவரத்தில் பாகங்கள் ஆடாமலிருக்க ஆலையிலேயே ஊற்றுவது அது. புதிதில் வெளிர்மஞ்சளாக, ரப்பர்போல் இருக்கும். வருடக்கணக்கில் சூடுபட்டதும் கரும்பழுப்பாகி, மின்சாரத்தைக் கசிய விடும் குணம் வந்துவிடும். அடியில் உள்ள கால்களையும் அரித்துவிடும். காரணம் தெரியாத கரகரப்பு, தானாக ஆன் ஆவது, "புட்புட்புட்" என்று மோட்டார் படகு போல் துடிப்பது எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தப் பசை இருக்கலாம். கறுத்த பசையைப் பிளாஸ்டிக் குச்சியால் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகு பாகங்களை அளப்பதே முறை.

சீரிஸ் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்திருந்தால் பெரும்பாலும் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் பகுதிதான் குற்றவாளி. 2எஸ்.சி.5200, 2எஸ்.ஏ.1943 டிரான்ஸிஸ்டர் ஜோடி உள்ள போர்டு என்றால் மீட்டரின் டயோடு மோடில் பேஸ் (base) காலிலிருந்து மற்ற இரு கால்களுக்கும் ஒரு திசையில் 0.5, 0.6 பக்கம் காட்ட வேண்டும், கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவில் எதுவும் காட்டக் கூடாது. பீப் அடித்தால் ஷார்ட். ஒன்று போயிருந்தால் ஜோடியையே மாற்றுங்கள், 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர்களையும் டிரைவர் டிரான்ஸிஸ்டர்களையும் அளக்காமல் மாற்றினால் ஆன் செய்த நொடியில் புதியவையும் போகும். இந்த இரண்டு எண்களிலும் போலிகள் ஏராளம். மேலே எழுத்து அச்சு அசலாக இருக்கும், உள்ளே இருக்கும் சில்லு பாதி அளவுதான். நம்பகமான இடத்தில் வாங்குவதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி கிடையாது. டி.டி.ஏ.2030, டி.டி.ஏ.7294 ஐ.சி.கள் உள்ள போர்டில் வேறொரு பள்ளம் இருக்கிறது. இரட்டை சப்ளையில் அவற்றின் உலோக முதுகு மைனஸ் வோல்ட்டோடு இணைந்திருக்கும். மைக்கா தாளும் பிளாஸ்டிக் வாஷரும் இல்லாமல் ஹீட் சிங்க்கில் திருகினால், தகடு வழியாக மைனஸ் சப்ளை கிரவுண்டோடு ஒட்டிக்கொள்ளும். திருகிய பிறகு முதுகுக்கும் ஹீட் சிங்க்குக்கும் பீப் வரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் கரண்ட்.

அவுட்புட் ஷார்ட் ஆன சப்-வூஃபரில் ஸ்பீக்கரையும் சந்தேகிக்க வேண்டும். ±50 வோல்ட்டில் ஒரு பக்கம் நேராக 4 ஓம் வாய்ஸ் காயிலில் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) விழுந்தால் 600 வாட்டுக்கு மேல் வெறும் சூடு. கோன் ஒரு பக்கமாக உந்தி அப்படியே நிற்கும், சில நொடிகளில் அரக்கு கருகிய வாடை வரும். ஆன் செய்ததும் கோன் "தப்"பென்று ஒரு பக்கம் போய்த் திரும்பி வராமல் நின்றால், யோசிக்காமல் பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஸ்பீக்கரைத் தனியாகச் சோதிப்பது எளிது. 4 ஓம் என்று எழுதியிருந்தால் மீட்டரில் 3 முதல் 3.6 வரையும், 8 ஓம் என்றால் 5.5 முதல் 7 வரையும் காட்டும். மீட்டர் வயர்களின் சொந்த ஓம் அளவை, இரண்டு முனைகளையும் தொட வைத்துப் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். எதுவும் காட்டாவிட்டால் உடனே காயில் போச்சு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். டெர்மினலிலிருந்து கோனுக்குத் தொங்கும் பின்னல் வயர் ஓயாமல் ஆடி ஆடி, கோனைத் தொடும் இடத்தில் நைந்துபோவது சகஜம். கோனை மெல்ல அழுத்தும்போது மீட்டர் உயிர்பெற்று, விட்டால் சாகும். இரட்டைக் காயில் உள்ள ஸ்பீக்கரில் இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டும் இணையாகக் கட்டப்பட்டிருந்தால் ஒன்று போனாலும் மற்றது பாடும், பேஸ் மட்டும் இளைத்துப்போகும்.

அடுத்து கைப் பரிசோதனை. இரண்டு கைகளின் நான்கு விரல்களையும் கோனின் நடு மூடியைச் சுற்றிச் சம இடைவெளியில் வைத்து, சாய்க்காமல் நேராக அரை சென்டிமீட்டர் அழுத்திவிடுங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். சத்தமே இல்லாமல் போய்த் திரும்பினால் நல்லது. உப்புத்தாள் தேய்ப்பது போன்ற "சர்ர்" வந்தால் காயில் காந்த இடைவெளியில் உரசுகிறது. ஒன்று, அதிகச் சத்தத்தில் காயிலின் உருளை வளைந்திருக்கும்; அல்லது கோனை நடுவில் பிடித்திருக்கும் மடிப்புத் துணியான ஸ்பைடரின் ஒட்டு விட்டு கோன் ஒரு பக்கம் சரிந்திருக்கும். ஸ்பைடர் ஒட்டு என்றால் சரி செய்யலாம். கருகிய காயிலுக்கு கோன் முழுவதையும் மாற்ற வேண்டும், அல்லது ஸ்பீக்கரையே மாற்ற வேண்டும்.

கோனின் ஓரத்தில் ஓடும் ஃபோம் வளையம் வயதானால் பிஸ்கட் போல் உதிரும். விரலால் தொட்டதும் பொடியாகிறது என்றால் மாற்றியே ஆக வேண்டும். கிழிசலில் டேப் ஒட்டி ஓட்டினால் கோன் கோணலாக ஆடி, நல்லபடியாக இருக்கும் காயிலையும் உரசிக் கெடுத்துவிடும். புதிய வளையத்தை ஒட்டும்போது பசை காய்வதற்குள் 1.5 வோல்ட் பேட்டரியை டெர்மினலில் தொட்டுத் தொட்டு எடுத்து, கோன் உரசாமல் போய் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே நடுவில் நிறுத்த வேண்டும். பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் வைத்தால் கோன் பெரும்பாலும் வெளியே வரும். அடையாளம் அழிந்த டெர்மினலில் பிளஸ்ஸைக் கண்டுபிடிக்கவும் இதுவே வழி.

கடகடவென்ற அதிர்வு மட்டும்தான் புகார் என்றால் திறக்கும் முன் டோன் ஜெனரேட்டரில் 20லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை நிதானமாக ஏற்றுங்கள், சத்தம் குறைவாக இருக்கட்டும். ஒரு குறிப்பிட்ட எண்ணில் மட்டும் கடகடத்தால் ஏதோ ஒரு பொருள் அந்த அதிர்வெண்ணில் கூடச் சேர்ந்து ஆடுகிறது. முன்பக்கத் துணி மூடி, லூஸான ஸ்க்ரூ, உள்ளே கோனில் தட்டும் வயர் என்று பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் அது எதிர்ச் சுவரில் மாட்டிய படச் சட்டமாகவும் இருக்கலாம். எல்லா எண்களிலும் கரகரத்தால் ஸ்பீக்கர்.

பழுது எதுவும் இல்லாமலே பேஸ் ஒல்லியாக இருந்தால் உட்காரும் இடத்தை மாற்றிப் பாருங்கள். 5 மீட்டர் நீள அறையின் முதல் ஒத்ததிர்வு 34 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். அறையின் சரிபாதியில் சோபா இருந்தால் அந்த இடத்தில் அந்த ஒலி மட்டும் காணாமல் போகும். சோபாவை அரை மீட்டர் பின்னால் தள்ளினாலே பேஸ் திரும்பிவிடுவதுண்டு. கோன் ஆடும் திசையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை, 80 ஹெர்ட்ஸ் டோனை எல்லா ஸ்பீக்கரிலும் ஓடவிட்டு மாற்றிப் பாருங்கள். எதில் கனமாகக் கேட்கிறதோ அதுவே சரி. ரிசீவர் கிராஸோவரைப் பார்த்துக்கொள்ளும்போது சப்-வூஃபரின் கிராஸோவர் குமிழ் கடைசி எல்லையில் இருக்க வேண்டும். இரண்டு ஃபில்டர் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் 80 பக்கம் பள்ளம் விழும்.

திரும்ப மூடும்போது ஸ்பீக்கரை மாட்டாமல் முதலில் சீரிஸ் பல்போடு ஆன் செய்து, ஸ்பீக்கர் வயர்களில் டி.சி. பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பிளக்கைப் பிடுங்கி ஸ்பீக்கரை மாட்டலாம். வோல்ட் கணக்கில் இருந்தால் இன்னும் வேலை பாக்கி. வயர்கள் கோனைத் தொடாதபடி ஓரமாகக் கட்டிவிடுங்கள். தகட்டைச் சுற்றியுள்ள ஃபோம் பட்டை நைந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள், அங்கே கசியும் காற்று விசில் அடிக்கும். ஸ்க்ரூக்களை எதிரெதிராக, மாற்றி மாற்றி இறுக்குங்கள். 40 ஹெர்ட்ஸ் டோனை மிதமான சத்தத்தில் அரைமணி நேரம் ஓடவிட்டு, ஹீட் சிங்க்கில் புறங்கையை வைத்துப் பாருங்கள். கையை ஐந்து நொடி எடுக்காமல் வைத்திருக்க முடிந்தால், ஆர்.சி.ஏ. கேபிளைத் திரும்பச் செருகலாம்.